குணம் குறைந்து கரையிறங்கிய மேனேஜர்

1966-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் ரங்கூனிலிருந்து அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் கல்மண்டபம் ஸ்போர்ட்டிங் கிளப்பின் புது மேனேஜர் ஜெயக்கொடி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, அவரிடம் ஒரு தகரப் பெட்டியும் ஒரு கறுப்புக் குடையும் ஒரு ஜோடி பூட்ஸும் இருந்தன. குணம் மட்டும் இல்லை. அன்றைக்கு இறங்கிய சரக்கை எண்ணிக்கொண்டிருந்தவர் டாலி கிளார்க் சவரிநாதன். முப்பது வருஷமாக மூட்டைகளை எண்ணிக் கண் பழுத்தவர். ஏணியில் இறங்கிய ஆளை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தார். தன் சீட்டில் ‘ஆள் ஒன்று, பெட்டி ஒன்று, குடை ஒன்று, பூட்ஸ் ஒரு ஜோடி, குணம் குறைவு’ என்று எழுதி, அழைத்துப்போக வந்திருந்த கோல்கீப்பர் லியோனார்டிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். லியோனார்ட் படித்துப் பார்க்காமலே போட்டான். படித்திருந்தாலும் போட்டிருப்பான். தினமும் ஏதாவது ஒன்று குறைந்து இறங்குகிற துறைமுகம் அது. சர்க்கரை குறையும், கந்தகம் குறையும், ஒரு முறை சர்க்கஸ் கம்பெனிக்கு வந்த ஒட்டகத்தில் ஒரு திமில் குறைந்திருந்தது. ஆளே குறைந்தால்தான் போலீஸ் வரும்; மற்ற எல்லாவற்றுக்கும் சீட்டு போதும்.

கிளப் ஏற்பாட்டின்படி மேனேஜர் தங்க வேண்டியது லியோனார்டின் வீட்டு முன்னறையில். ரிக்‌ஷாவில் போகும்போதுதான் சீட்டின் நகலைப் படித்த லியோனார்ட் மரியாதைக்காக விசாரித்தான், குணம் எப்படி சார் தொலைந்தது என்று. கப்பலேறும் துறையில் ஒரு நீள மேசை போட்டிருந்தார்கள் என்றார் ஜெயக்கொடி. கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள், மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள், செத்துப்போன சம்சாரத்தின் தாலியை முடிந்து வைத்திருந்த துணியைப் பிரிக்கச் சொன்னார்கள். எல்லாம் மேசைக்கு வந்த பிறகும் அங்கிருந்த அதிகாரிக்கு மனசு ஆறவில்லை. இன்னும் ஏதோ இருக்கிறது என்று தடவித் தடவிப் பார்த்து, கடைசியில் அதையும் எடுத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டான். இதைச் சொல்லும்போது ஜெயக்கொடியின் குரலில் துக்கமும் இல்லை, கோபமும் இல்லை. இருந்தால்தானே வரும். ரங்கூன் துறைமுகத் தமிழர்களின் அணியைப் பதினைந்து வருஷம் நடத்தியவர் என்ற பேரைக் கேட்டுத்தான் கிளப்பை நடத்திய, கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் ஸ்டீவடோர் கம்பெனி அவரை எழுதிக் கூப்பிட்டிருந்தது. அந்தப் பேர் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது, அதற்குரிய ஆள்தான் வரவில்லை.

கல்மண்டபம் இருக்கும் ராயபுரத்தில் இது சாதாரண இழப்பு இல்லை. அந்த ஊரில் ஃபுட்பால் பார்க்கப் போகிறவர்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். பேசினால் வெளியூர்க்காரன் என்று தெரிந்துவிடும். பேச்செல்லாம் மேனேஜரைப் பற்றித்தான். அவன் நெஞ்சில் ஈரம் உண்டா, வீட்டில் பெண்டாட்டிக்குப் பயப்படுவானா, தோற்ற அன்றைக்குச் சாப்பிடுவானா என்பதையெல்லாம் அலசிக் காயப்போட்ட பிறகு நேரம் மிஞ்சினால் யார் கோல் போட்டது என்று கேட்டுக்கொள்வார்கள். மூலக்கொத்தளத்தில் புதைத்து ஒன்பது வருஷமாகிவிட்ட ஒரு மேனேஜரின் முன்கோபம் பிறவிக் கோபமா, மூலத்தால் வந்த கோபமா என்ற சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. இப்படிப்பட்ட ஜனங்களுக்கு நடுவில் ஜெயக்கொடி வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கோல் வாய்ப்பு வந்தால் எழுந்திருக்கவில்லை. போனால் தலையில் அடித்துக்கொள்ளவும் இல்லை. செயலாளர் எழுதிக் கொடுத்த பதினோரு பேரை வாசித்தார். முதல் ஆறு ஆட்டமும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். ரசிகர்கள் பேச எதுவுமில்லாமல் பொழுதோடு வீடு திரும்பினார்கள். அந்த நேரத்தில் புருஷன் முகத்தைப் பார்த்துப் பழக்கமில்லாத பெண்கள் உடம்புக்கு என்ன என்று கேட்டு, அதில் வேறு சண்டை.

ஆறாவது ஆட்டத்தின் இடைவேளையில் மஜீது பாய்க்குப் பொறுக்கவில்லை. பழைய கப்பல் கயிறு வாங்கி விற்கிற கடைக்காரர், தண்டையார்பேட்டைப் பக்கம். மைதானத்தில் எல்லோரும் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராகச் சொல்வதற்கென்றே அல்லா படைத்த மனுஷர். எதிர்ப்பதற்குக்கூட ஒரு பேச்சு இல்லாத நிலையில் அவரே ஒன்றைக் கிளப்பிவிட்டார். “ஆளு கஞ்சன்பா. மூஞ்சப் பாத்தாலே தெரிது.” சாயங்காலத்துக்குள் அறுபது பேர் ஆமாம் போட்டார்கள். மறுநாள் காலை பயிற்சியில் ஜெயக்கொடி ஒரு எலுமிச்சம்பழத்தை எட்டாக நறுக்கிக் கொடுத்தார், சப்பிப் போட்ட தோலை எண்ணித் திருப்பி வாங்கினார், பந்தில் பாதிக் காற்றை மட்டும் அடிக்கச் சொல்லி மிச்சக் காற்று நாளைக்கு ஆகும் என்றார்.

துறைமுகத்து ஆட்களுக்கு விஷயம் புரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை. குறைந்து இறங்கிய சரக்கு எங்கிருந்தாவது நிரவப்பட வேண்டும். இங்கே அதை ரசிகர்கள் நிரவுகிறார்கள், அவ்வளவுதான். உடனே கட்சி பிரிந்தது. கோயில் தெருக்காரர்கள் ஒன்று சொல்ல, மஜீது பாயின் ஆட்கள் வேறு சொல்ல, கைகலப்பு வரைக்கும் போனதால் சவரிநாதன் சுண்ணாம்புக்கட்டியை எடுத்தார். மைதானத்தை ஒட்டிய பழைய உப்புக் கிடங்கின் சுவரில் குணங்களைத் தலைப்புகளாக எழுதி, ஆளுக்கு ஒரு கோடு என்றார். கப்பலில் மூட்டை எண்ணுகிற அதே முறை: நான்கு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே. சாயங்காலம் துறைமுகத்து ஆறு மணிச் சங்கு ஊதியதும் கணக்கு முடிந்தது. எந்தத் தலைப்பின் கீழே கோடு அதிகமோ, மறுநாள் காலை ஆறு மணிச் சங்குக்கு மேனேஜர் அந்தக் குணத்தோடு எழுந்திருப்பார். அடுத்த தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். ஊரில் ஒரு முழச் சுவர்கூடக் கட்சிக்காரர்களிடமிருந்து தப்பவில்லை. ஆனால் உப்புக் கிடங்குச் சுவரை ஒரு கட்சியும் தொடவில்லை. தொட்டால் ராயபுரத்தில் ஓட்டு விழாது என்று அவர்களுக்குத் தெரியும்.

செப்டம்பரில் ஒன்பது நாள் ஜெயக்கொடி கோபக்காரராக இருந்தார். குடை ஒடிந்தது, நடுவருடைய விசில் நடுவர் தொண்டைக்குள்ளேயே பாதி போய் மீண்டது, மூன்று ஆட்டம் ஜெயித்தார்கள். பிறகு ஷோக்குப் பேர்வழி. தலைக்கு வாசனைத் தைலமும் வாயில் பீடாவுமாக வந்து, அணியைப் பார்க்காமல் தண்ணீர் பிடிக்க வந்த பெண்களைப் பார்த்து விளக்கம் சொன்னார். அக்டோபரில் இரு தரப்பும் அதிசயமாக ஒத்துப்போய் ‘பக்திமான்’ என்று கோடு போட்டார்கள். எந்தக் கடவுள் என்று எழுதாமல் விட்டதுதான் தப்பாகிவிட்டது. காலையில் பூசை, மத்தியானம் தொழுகை, சாயங்காலம் மாரியம்மன் கோயில் என்று அலைந்ததில் மனுஷன் இரண்டு வாரம் மைதானம் பக்கமே வரவில்லை. அந்த இரண்டு வாரத்து ஆட்டத்தையும் ஜெயித்தார்கள் என்பது தனி. ஒரு வெள்ளிக்கிழமை ‘தைரியசாலி’யும் ‘பயந்தாங்கொள்ளி’யும் சரிசமமாக நின்றன. அடுத்த நாள் முழுவதும் அவர் வீட்டு வாசற்படியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்தபடி நின்றார். ஐரீன் அவரைச் சுற்றிப் பெருக்கினாள்.

ஐரீன் லியோனார்டின் மனைவி. காசிமேட்டில் மீன் விற்கிறவள். இதையெல்லாம் வேடிக்கை பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த லியோனார்டுக்கு டிசம்பரில்தான் சிரிப்பு நின்றது. கம்பெனியில் ஒரு விதி உண்டு. கிளப்புக்குப் பத்து சீசன் ஆடி, பத்தாவது சீசனின் கடைசி ஆட்டத்தில் களமிறங்கியவனுக்குத் துறைமுகத்தில் நிரந்தர வேலை. மற்றவர்கள் தினமும் விடியற்காலை துறைமுகக் கேட்டில் வரிசையாக நிற்க வேண்டியதுதான். மேஸ்திரி கை காட்டினால் உள்ளே, காட்டாவிட்டால் வீட்டுக்கு. லியோனார்டுக்கு இது பத்தாவது சீசன். வயது முப்பத்தாறு. வலது முட்டி, மாதா கோயில் கதவு மாதிரி, மடக்கும்போதெல்லாம் சத்தம் போட்டது. போதாக்குறைக்குக் காட்டுப்பள்ளியிலிருந்து தவசிமுத்து என்று ஒரு வாலிபன் மாற்றுக் கோல்கீப்பராக வந்து சேர்ந்திருந்தான். துடுப்பு நீளத்துக்குக் கை, பந்து தன்னால் அதில் வந்து ஒட்டியது. டிசம்பர் இரண்டாம் வாரம் சுவரில் ‘கறார்’ ஜெயித்தது. மறுநாளே ஜெயக்கொடி லியோனார்டை உட்காரவைத்துவிட்டுத் தவசிமுத்தை நிற்கவைத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் ஐரீன் மீன்கூடையோடு உப்புக் கிடங்குக்கு வந்து சுண்ணாம்புக்கட்டி கேட்டாள். பெண்கள் போடக் கூடாது என்று விதியில் இருக்கிறதா என்று கேட்டதற்குச் சவரிநாதன் யோசித்துப் பார்த்து, இல்லை என்று கொடுத்துவிட்டார். அவள் புதுத் தலைப்பு ஒன்று எழுதினாள்: இளகின மனசு. மறுநாளிலிருந்து அவளிடம் மீன் வாங்கிக் கோடு போட்டவர்களுக்குக் கூடுதலாக இரண்டு கை நெத்திலி கிடைத்தது. அரிசிக்கு க்யூவில் நின்று கால் கடுத்திருந்த வருஷம் அது; நெத்திலி சும்மா கிடைக்கிறது என்றால் யார்தான் ஒரு மனுஷனை நல்லவன் என்று சொல்ல மாட்டார்கள். முதல் நாள் நூற்றிருபது கோடு. பொங்கலுக்குள் இருநூற்றைத் தாண்டி, அதற்குக் கீழே இறங்கவே இல்லை. ஜெயக்கொடி கண் கலங்க லியோனார்டின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, அவனைத் திரும்ப நிறுத்தி, தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் தானே உட்கார்ந்து அவன் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார்.

பிறகு நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எதிரணி கோல்கீப்பருக்கு வெயிலில் தாகமெடுக்கும் என்று ஜெயக்கொடி இளநீர் கொடுத்தனுப்பினார். அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும், ரொம்பத் தொந்தரவு பண்ணாதீர்கள் என்று தன் ஆட்களிடம் கெஞ்சினார். லியோனார்ட் விட்ட ஒவ்வொரு கோலுக்கும் ஓடிவந்து தட்டிக்கொடுத்தார். பந்துக்கு வலித்திருக்குமோ என்று அதையும் தடவினார். வரிசையாக ஏழு தோல்வி. கிளப் பட்டியலின் அடிமட்டத்துக்குப் போனது. கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் தப்பும். இல்லாவிட்டால் கீழ் டிவிஷனுக்கு இறங்கும்; அப்படி இறங்கிய கிளப்பை நடத்த மனமில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள், ஆனால் கோடு மாற்ற ஒருவராலும் முடியவில்லை. தினமும் சாயங்காலம் ஜெயக்கொடி அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே நின்று, வருகிறவர்களிடம் அம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். ‘கல்நெஞ்சன்’ என்று எழுத மூன்று முறை வந்த மஜீது பாய் மூன்று முறையும் ஜெயக்கொடி கொடுத்த கைக்குட்டையில் மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பினார்.

லியோனார்டுக்கு எல்லாம் நினைத்தபடி நடந்துகொண்டிருந்தது. கிளப்பை மூடினாலும் விதிப்படி அவன் வேலை அவனுக்கு உண்டு. பத்து சீசன் முடிக்க வழியில்லாமல் கேட்டிலேயே நிற்கப்போகிறவர்கள் மற்ற பத்துப் பேர்தான். அப்படியிருந்தும் விடியற்காலைகள் அவனைப் படுத்தின. வேலைக்குக் கிளம்ப ஐந்தரைக்கு எழுந்திருக்கும்போது முன்னறையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஜெயக்கொடி கண்ணைத் திறந்தபடி பாயில் மல்லாந்து, கைகளை மார்பில் கோத்து, சங்குக்காகக் காத்துக்கொண்டு படுத்திருப்பார். முகத்தில் ஒன்றும் இருக்காது, துடைத்துவைத்த தட்டு மாதிரி. சங்கு ஊதும். நெற்றி சுருங்கும், உதடு துடிக்கும், கண்ணில் தண்ணீர் ஏறும். எழுந்து பாயைச் சுருட்டிவிட்டு, அதன் மேல் இத்தனை நேரம் படுத்திருந்ததற்காக அதனிடம் வருத்தம் தெரிவிப்பார். கடைசி ஆட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு காலை, சங்குக்கு முன்னால் அவர் பேசினார்.

“லியோனார்ட், இந்த அழுகை என்னுது இல்லப்பா.”

“தெரியும் சார்.”

“நான் எப்படிப்பட்ட ஆளுன்னு என் சம்சாரத்துக்குத் தெரியும். அவ இருந்தா கேட்டிருப்பேன். ஒரே ஒரு நாள், அந்தச் சுவத்துல என் கோட்டை நானே போட்டுக்கலாமா?”

சங்கு ஊதிவிட்டது. அவர் அழ ஆரம்பித்தார். லியோனார்ட் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் அப்படியே நின்றான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. இருநூறு கோட்டுக்கு முன்னால் அந்த மனுஷனின் ஒற்றைக் கோடு எந்த மூலைக்கு? அது எடுபட வேண்டுமானால் மற்ற யாரும் கோடு போடக் கூடாது. போட்டுக்கொண்டிருப்பவர்கள் அவன் பெண்டாட்டியின் நெத்திலியைத் தின்கிறவர்கள். இன்னொன்றும் அவனுக்குத் தெரிந்தது. ஜெயக்கொடி என்கிற ஆள் உண்மையிலேயே பதினைந்து வருஷம் அணி நடத்தியவர் என்றால், ஆட்டம் தெரிந்தவராக இருப்பார். ஆட்டம் தெரிந்த எவனும் தவசிமுத்தை உட்காரவைத்துவிட்டு இந்த முட்டியை நிறுத்த மாட்டான்.

ஐரீனிடம் சொன்னபோது அவள் வஞ்சிரத்துக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

“யோவ், உனுக்கு இன்னா புத்தி பேதலிச்சிப் போச்சா? மூணு நாளு. மூணே நாளு பல்லக் கடிச்சிகினு இருந்தா அப்பால வேலை நம்முளுது.”

“அந்தாளு தெனம் காலைல நம்ம குடுத்தத்த மாட்டிக்கினு எழுந்திரிக்கிறாரு ஐரீனு. பாக்க முடில.”

“பத்து வருசமா உன்ன இருட்டுல கேட்டுக்கு அனுப்பிட்டு, உள்ள உட்டாங்களா இல்லியான்னு தெரியாம மத்தியானம் வரைக்கும் குந்திகினு கீறனே, அத்த யாருய்யா பாத்தது?”

 அவள் அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை, அன்றைக்கும் மறுநாளும். ஆனால் மறுநாள் காசிமேட்டில் தன் கூடையைச் சுற்றி நின்றவர்களிடம், நாளைக்கு எவனாவது சுவரில் கோடு போட்டால் இனி என் கையால் மீன் கிடையாது என்று சொல்லிவிட்டாள். லியோனார்டுக்கு அது வேறு ஆள் சொல்லித்தான் தெரிந்தது.

மிச்சமிருந்தது மஜீது பாய். நெத்திலி தின்னாத இன்னொரு நூறு பேர் அவர் பேச்சைக் கேட்பவர்கள். லியோனார்ட் அவர் கடைக்குப் போய்க் கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்து, ஒரே ஒரு சாயங்காலம் மேனேஜரைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லாமல் இருக்க முடியுமா என்று கேட்டான். கடையை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தால்கூட மஜீது பாய் அப்படி முழித்திருக்க மாட்டார். ராயபுரத்தில் முந்நூறு பேர் ஒரே நேரத்தில் வாயை மூடியதாகச் சரித்திரம் இல்லை. பிணம் போகும்போதுகூட செத்தவனா கெட்டிக்காரன், கொன்ற டாக்டரா என்று பேசிக்கொண்டே போகிறவர்கள். ஆனால் காரணத்தை முழுக்கக் கேட்ட பிறகு பாய் வெகுநேரம் தாடியைச் சொறிந்தார்.

“மூச்சு உடாதேன்னா ஒரு நிமிசம் பாப்பேன் மாமு. பேசாம இருன்னா எப்டி? வாய் பேசிச்சினா கை சும்மா இருக்காது, கோடு போட்ரும்.” மடியிலிருந்த வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்தபடி அவரே வழி சொன்னார். “வெத்தல. எல்லாத்துக்கும் வாய் நெறைய வெத்தல. சங்கு ஊதற வரிக்கும் துப்பக் கூடாது. துப்புனவன் எனக்குத் தோஸ்து இல்ல.”

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நான்கரை மணிக்கு உப்புக் கிடங்குச் சுவருக்கு முன்னால் முந்நூறு பேர் கன்னம் புடைக்க நின்றார்கள். சவரிநாதன் சுவரை ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புக்கட்டியைத் திட்டின் மேல் வைத்தார். யாரும் தொடவில்லை. கண்கள் பிதுங்கின. கிரேன் ஓட்டுகிற ஒருவர் சொல்ல வந்த அபிப்பிராயத்தை வெற்றிலையோடு சேர்த்து விழுங்கிப் புரையேறி, இரண்டு பேர் முதுகில் குத்தினார்கள். அப்போதும் அவர் துப்பவில்லை. மஜீது பாய் அழுதார் என்றும் சுண்ணாம்பு அதிகமாகிவிட்டது என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஜெயக்கொடி வந்தார். இத்தனை பேரும் பேசாமல் நிற்பதைப் பார்த்து இளகிய மனசுக்காரரான அவர் விசும்பி விசும்பி அழுதுகொண்டே சுண்ணாம்புக்கட்டியை எடுத்தார். தலைப்பு எதுவும் எழுதவில்லை. நட்டநடுவில் ஒரு கோடு, முழ நீளம், கொஞ்சம் கோணலாக. சங்கு ஊதியது. அந்த இடத்து மண் மூன்று மழைக்காலம் வரைக்கும் சிவப்பாகவே இருந்தது.

மறுநாள் காலை லியோனார்ட் முன்னறை வாசலில் நின்றான். ஐரீனும் வந்து, அவனைப் பார்க்காமல் அவன் பக்கத்தில் நின்றாள். சங்கு ஊதி முடிந்தும் ஜெயக்கொடியின் முகத்தில் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் பெரிய சத்தத்தோடு கொட்டாவி விட்டார். தோளைச் சொறிந்தார். எழுந்து உட்கார்ந்து பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதில் மூட்டைப்பூச்சி இருக்கிறது, ஏழு மாதமாகக் கடிக்கிறது, இந்த வீட்டில் வெந்நீர் ஊற்ற ஆளில்லையா என்று ஐரீனைக் கேட்டார். அப்புறம் லியோனார்டைக் கூப்பிட்டு, முட்டியை மடக்கி நீட்டச் சொன்னார். சத்தத்தைக் கேட்டுக்கொண்டார்.

“இன்னைக்கு நீ இல்ல. தவசிமுத்து நிப்பான். உன் முட்டி போயிருச்சு லியோனார்ட், அது உனக்கே தெரியும்.”

மன்னிப்புக் கேட்கவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. நிரந்தர வேலை விஷயம் அவருக்குத் தெரியுமா என்று ஐரீன் கேட்டாள். தெரியும் என்றார். தெரிந்தும் அதைத்தான் சொன்னார்.

ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம், கல்மண்டபத்துக்கு ஜெயம். முடிய நான்கு நிமிஷம் இருக்கும்போது இடது மூலைக்குத் தாழ்வாக வந்த ஒரு பந்தைத் தவசிமுத்து படுத்தபடி விரல் நுனியால் தள்ளிவிட்டான். கோலுக்குப் பின்னால் ரசிகர்களோடு ரசிகனாக நின்ற லியோனார்ட் அதைப் பார்த்தான். தன் காலால் அந்த இடத்துக்குப் போயிருக்கவே முடியாது என்று தெரிந்ததும் மூஞ்சியைத் துண்டால் மூடிக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி அழுதான். கிளப் பிழைத்தது. மற்ற பத்துப் பேருடைய நிரந்தர வேலை ஆசையும் பிழைத்தது. அவன் திங்கட்கிழமை கேட்டில் போய் வரிசையில் நின்றான்; அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் நின்றான்.

ரசிகர்களுக்குத்தான் ஏமாற்றம். இத்தனை பாடுபட்டு வரவழைத்த குணம் பெரிய ரகம் எதுவும் இல்லை. மனுஷர் நகம் கடித்தார். தான் சொல்லும் கதைக்குத் தானே முதலில் சிரித்தார், அதனால் கதை பாதியில் நின்றது. நல்ல பிஸ்கட்டை யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைத்தார். பொய் சொல்ல வராது. மஜீது பாயிடம் உங்கள் கயிறு மட்டம் என்று அவர் கடை வாசலிலேயே சொன்னார். சவரிநாதன் ஒரு மாதம் சுண்ணாம்புக்கட்டியோடு நின்றுபார்த்தார். என்ன தலைப்பு போடுவது என்று யாருக்கும் விளங்கவில்லை. எதைப் போட்டாலும் மிச்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வேறு வழி இல்லாமல் ராயபுரம் ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தது.

லியோனார்ட் நான்கு மாதம் அவரோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே முற்றம், ஆனாலும் பேசவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள், தொடர்ந்து ஐந்தாவது முறையாகக் கேட்டில் திருப்பி அனுப்பப்பட்டு, காலை எட்டு மணிக்கே வீடு வந்தவன் முன்னறை வாசலில் நின்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினான். நன்றி கெட்டவன் என்றான், கல்நெஞ்சன் என்றான், ஈரமில்லாத பேமானி என்றான். பாதி வண்ணாரப்பேட்டைக்குக் கேட்டது. ஜெயக்கொடி பேப்பரை மடித்து வைத்துவிட்டு முழுக்கக் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் கோபம் இறங்கியதும் லியோனார்டுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சொன்னதெல்லாம் ஒட்டிக்கொண்டுவிட்டால்? காலையில் அந்த மனுஷன் தான் சொன்னபடியே எழுந்திருந்துவிட்டால்?

விடிந்ததும் ஐந்தரைக்கு அவன் முன்னறை வாசலில் போய்ப் பார்த்தான். ஜெயக்கொடி கண்ணைத் திறந்துகொண்டு காத்திருக்கவில்லை. வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஆறு மணிச் சங்கு ஊதியது. அவருக்குக் காதில் விழவில்லை. ஆறே காலுக்கு எழுந்து, தோளைச் சொறிந்து, நகத்தைக் கடித்துத் துப்பிவிட்டு, வாசலில் நிற்பவனிடம் பேப்பர் வந்ததா என்று கேட்டார். நேற்று இருந்த அதே ஆள். ஒரு சொல்கூட ஒட்டவில்லை. லியோனார்டுக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. அந்த ஆள் மேல் அவனுக்கு இன்னும் கோபம் இருந்தது, இனி எவ்வளவு நாள் வேண்டுமானாலும் பயமில்லாமல் கோபப்படலாம்.

ஐரீன் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். ஜெயக்கொடி ஒரு வாய் குடித்துவிட்டுச் சர்க்கரை பத்தாது என்றார்.

“பத்தலன்னா எழுந்து போயி நீயே போட்டுக்க சார்,” என்றான் லியோனார்ட், தன் டம்ளரை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தபடி.